காரின் வோட்டர் பம்ப்: சொட்டும்போதே கவனியுங்கள்



மல்வேர்னுக்கு வந்து, வேர்க் பெர்மிற் கிடைத்து, வேலையும் தொடங்கியவுடன் பலர் முதலில் வாங்குவது ஒரு பழைய கார். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் நின்ற பிறகு, இங்கிருந்து கென்னடி ஸ்ரேசனுக்குப் போவதே ஒரு பயணம்தான். இரவு ஷிப்ற் வேலை என்றால் சொல்லவே தேவையில்லை. ஆகவே கார் வாங்குவதில் பிழையில்லை. ஆனால் சேர்த்த காசு முழுவதையும் போட்டு வாங்கின கார், ஒரு சின்னப் பழுதைக் கவனிக்காததால் எஞ்சினோடு போய்விடக்கூடாது. அப்படிக் காரைக் கொல்லுகிற பழுதுகளில் ஒன்று வோட்டர் பம்ப். அதைப்பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

வோட்டர் பம்ப் என்ன செய்கிறது?

ஊரில் வோட்டர் பம்ப் என்றால் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற மெசின்தான் ஞாபகம் வரும். காரில் உள்ள பம்ப் புதுத் தண்ணீரை இறைப்பதில்லை. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. நெஞ்சு இரத்தத்தைச் சுற்றவிடுவது போல. எஞ்சினில் சூடான திரவம் ரேடியேற்றருக்குப் போய், காற்றில் ஆறி, மறுபடி எஞ்சினுக்கு வரும். குளிருக்கு நாங்கள் போடுகிற ஹீற்றரும் இந்தச் சூட்டில்தான் வேலை செய்கிறது.

பம்ப் நின்றால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். அப்படியும் ஓடினால் ஹெட் காஸ்கற் போகும், எஞ்சின் ஹெட் வளையும். பிறகு அதைத் திருத்துகிற காசுக்கு வேறொரு பழைய கார் வாங்கலாம்.

வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் எங்கட ஆட்கள். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவது எங்களுக்குப் பழக்கமானது. இங்கே அந்தப் பழக்கம் ஆபத்து. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரியும். மாசிப் பனியில் காருக்குள் அது உறைந்தால் இரும்பையும் வெடிக்க வைக்கும்.

அதனால்தான் கூலன்ற் பாவிக்கிறோம். பாதி அன்ரிஃபிரீஸ், பாதி தண்ணீர் என்ற கலவை மைனஸ் 37 பாகை வரை உறையாது. பம்பின் சீல் பழுதாகாமலும் துருப்பிடிக்காமலும் அதிலுள்ள மருந்துகள் காக்கின்றன. காலம் போகப்போக அந்த மருந்தின் சக்தி குறையும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், எந்த வகை போடவேண்டும் என்பது காரின் மனுவலில் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். போத்தலில் முன்பே தண்ணீர் கலந்திருக்கிறதா, நாங்கள் கலக்கவேண்டுமா என்பதையும் வாசியுங்கள்.

கவனம்: அன்ரிஃபிரீஸ் இனிப்பான நஞ்சு. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய கூலன்ற்றை வீதி வடிகாலில் ஊற்றக்கூடாது. மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் உள்ள மாநகரசபையின் ஸ்காபரோ ட்ரான்ஸ்ஃபர் ஸ்ரேசனில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

பம்ப் பழுதாகிற அறிகுறிகள்

1. நிறுத்தின இடத்தில் பச்சை, சிவப்பு, நீல நிறத்தில் ஈரம். இரவில் காருக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை வைத்துக் காலையில் பாருங்கள். (கோடையில் ஏ.சி. போட்டால் நிறமில்லாத தண்ணீர் சொட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம்.)
2. கூலன்ற் போத்தலில் மட்டம் குறைந்துகொண்டே போவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள்.
3. பெல்ற் பக்கத்தில் கீச்சென்ற அல்லது உறுமுகிற சத்தம்.
4. இனிப்பு மணம்.
5. ஹீற்றரில் திடீரென்று குளிர்காற்று வருவது.
6. சூடு காட்டும் முள்ளு ஏறுவது.

முள்ளு ஏறினால் என்ன செய்வது?

ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகப் போடுங்கள். அது கொஞ்சச் சூட்டை வெளியே எடுக்கும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு எக்ஸிற் தானே" என்று 401 இல் ஓட்டாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தோடு இருக்கிற சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும்.

கூப்பிடாமலே வந்து நிற்கிற ரோ ட்ரக்கில் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். எவ்வளவு காசு, எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டு, வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

மாற்றுவதற்கு ஏன் கராஜுக்குக் கராஜ் விலை வேறு?

பம்ப் எங்கே இருக்கிறது என்பதில்தான் விசயம். 2003 கொரோலா போன்ற கார்களில் அது வெளிப் பெல்ற்றில் ஓடுகிறது, வேலை குறைவு. 2001 முதல் 2005 வரையான ஹொண்டா சிவிக்கில் உள்ளே இருக்கிற ரைமிங் பெல்ற் அதை ஓட்டுகிறது. அப்படியான காரில் ரைமிங் பெல்ற் மாற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றுவது புத்தி. ஏனென்றால் கழற்றிப் பூட்டுகிற கூலி ஒன்றுதான். 3.5 லீற்றர் வி6 எஞ்சின் உள்ள ஃபோர்ட் எட்ஜ் போன்ற சில வாகனங்களில் பம்ப் எஞ்சினுக்குள்ளேயே இருக்கும். ஒழுகினால் கூலன்ற் ஒயிலோடு கலக்கக்கூடும். மாற்றவும் பெரும் செலவு. பழைய கார் வாங்கமுன் "ரைமிங் பெல்ற், வோட்டர் பம்ப் எப்போது மாற்றினது? பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

பம்ப் மாற்றும்போது தேர்மோஸ்ராற், பெல்ற், ஹோஸ் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கூலன்ற் விட்டபிறகு உள்ளே காற்று நிற்காமல் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் புதுப் பம்ப் போட்டும் கொதிக்கும்.

கராஜில் உங்களுக்குள்ள உரிமை

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது இதுதான்:

- வேலை தொடங்கமுன் எழுத்தில் மதிப்பீடு, அதாவது எஸ்ரிமேற் தரவேண்டும். அது வேண்டாம் என்றால், எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நீங்கள் சொல்லவேண்டும்.
- கடைசிப் பில் மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. நீங்கள் சம்மதிக்காத வேலைக்குக் காசு கேட்கமுடியாது.
- கழற்றின பழைய பாகத்தைப் பொதுவாக நீங்கள் கேட்டு வாங்கலாம்.
- புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

"எங்கட ஆள்தானே, பேப்பர் என்னத்துக்கு?" என்று நினைக்காதீர்கள். பேப்பர் கேட்பது அவரை அவமதிப்பதல்ல. நல்ல கராஜ்காரர் தானாகவே தருவார். இங்கே கார் மெக்கானிக் வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம். பின்வளவில் மலிவாகச் செய்கிறேன் என்பவரிடம் அதையும் கேளுங்கள். நீங்கள் ஊரில் மெக்கானிக்காக இருந்திருந்தால், இங்கே அந்த லைசென்ஸ் எடுக்கிற வழியை ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவில் விசாரிக்கலாம்.

அகதிக் கோரிக்கை முடிவாகவில்லை என்பதால் இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கராஜ் பற்றி முறைப்பாடு செய்வது உங்கள் கேஸைப் பாதிக்காது. முதலில் கராஜுக்கு எழுத்தில் சொல்லுங்கள். சரிவராவிட்டால் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

கடைசியாக ஒன்று. அகதி விசாரணைக்கு நேரில் வரச்சொல்லியிருந்தால், அன்றைக்குச் சொட்டுகிற காரை நம்பிப் போகாதீர்கள். விசாரணைக்குப் போகாவிட்டால் கோரிக்கையைக் கைவிட்டதாக முடிவெடுக்க இடமுண்டு. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் புறப்படுங்கள்.

எஸ்ரிமேற், பில் விளங்காவிட்டால் கையெழுத்து வைக்கமுன் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.