அம்மம்மாவோட ஆக்சிஜன் மெஷினை அனுப்புற கடைக்கு லைசென்ஸ் இருக்கா?

வீட்டு மருத்துவக் கருவிகள் விக்கிற ஆன்லைன் கடைகளைப் பத்தி இந்த எபிசோட்ல பேசினோம். லைசென்ஸ் விஷயத்துக்கு நேரம் இல்ல, அதான் இங்க. கேட்க போர்தான். ஆனா அப்பாவுக்கு சீபேப், அம்மம்மாவுக்கு ஆக்சிஜன்னு வந்தா வீட்டுல ஆர்டர் போடுறது நீங்கதானே?

அமெரிக்காவில் மெஷினைச் சரிபார்த்து விற்பனைக்கு விடுவது மத்திய அரசின் எஃப்டிஏ. அதை வீட்டுக்குக் கொண்டுவர்ற கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிறது மாநிலம். நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே லைசென்ஸ் கிடையாது. கடை எங்க இருக்குங்கிறதை மட்டுமில்ல, நோயாளி எங்க இருக்கார்ங்கிறதையும் பல மாநிலங்கள் பார்க்கும். கலிஃபோர்னியாவில் பொதுச் சுகாதாரத் துறை லைசென்ஸ் தருகிறது. பார்மசிஸ்ட் இல்லாத கடையில் 'எக்ஸெம்ப்டீ' என்று தனி லைசென்ஸ் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்கணும்.

எனக்குப் பிடிச்சது ஃப்ளோரிடா சட்டம். லைசென்ஸ் 2 வருஷத்துக்கு. கருவியை எப்படிப் பயன்படுத்துறதுன்னு சொல்லிக்கொடுக்கிறது கடையோட வேலை. அவசரகாலத் திட்டமும் எழுதி வச்சிருக்கணும். ஏன்? ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் கரண்ட்ல ஓடுறது. புயல் வந்து கரண்ட் போனா, சிலிண்டர் யார் கொண்டுவருவா? பார்சலை வாசல்ல வச்சுட்டுப் போற வெப்சைட்டா?

மெடிகேர் காசு வேணும்னா இன்னும் சில விதிகள் உண்டு: பொதுவா குறைஞ்சது 200 சதுர அடி இடம், வாரம் 30 மணி நேரம் திறந்திருக்கணும், 50,000 டாலர் பிணைப் பத்திரம். சதுர அடி வரைக்கும் அளக்கிறது காமெடியா தெரியலாம். ஆனா 2006 கடைசியில் தெற்கு ஃப்ளோரிடாவில் 1,581 கடைகளுக்கு அதிகாரிகள் சொல்லாமப் போய்ப் பார்த்தாங்க. 491 இடங்களில் கடையே இல்ல, இல்லாட்டி திறக்கவே இல்ல. பில் மட்டும் மெடிகேருக்குப் போயிட்டிருந்தது.

லைசென்ஸ் இருக்கிற எல்லாக் கடையும் நல்ல கடைன்னு நான் சொல்லல. ஆனா ஏதாவது தப்பா போச்சுன்னா புகார் கொடுக்க ஒரு இடம் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி, உங்க அம்மம்மா இருக்கிற மாநிலத்துல லைசென்ஸ் எடுத்திருக்காங்களான்னு நம்பரைக் கேளுங்க. ஃப்ளோரிடான்னா 'ஃப்ளோரிடா ஹெல்த் ஃபைண்டர்' தளத்துல கடைப் பேரைப் போட்டாலே தெரிஞ்சிடும். அப்படியே ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட வேண்டிய நம்பரையும் கேட்டு வாங்கி, ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. சாட்பாட் எடுத்தா வேற கடை தேடுங்க.