நினைவகக் கசிவைக் காட்டும் கருவி

காலையில் செவ்வனே ஓடிய புரோகிராம் மாலையில் தளர்ந்து நின்றுவிடுவதுண்டு. கேட்டுப் பெற்ற நினைவகத்தை வேலை முடிந்தபின் திருப்பித் தராமையே பல சமயங்களில் இதற்குக் காரணமாகும். இதனை நினைவகக் கசிவு என்பர். கோப்பில் எழுதப்படாதிருந்த அன்றைய அளவுகளும் அத்துடன் அழிந்துபோகும்.

இக்கசிவைக் கண்டறிய, ஜூலியன் சீவார்டு 2002-இல் வெளியிட்ட வால்கிரிண்ட் என்னும் கருவி பயன்படுகிறது. சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கி 2007-இல் வெளிவந்த 'பாஸ்' இயங்குதளம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால் இரண்டிலும் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வால்கிரிண்ட்' என்னும் கட்டளையால் இதனை நிறுவலாம். நிறுவுவதற்கு நிர்வாகியின் உரிமை வேண்டும். பிறகு நம்முடைய புரோகிராமைச் சோதிக்க அது வேண்டுவதில்லை.

பலர் தவறுவது இதற்கு அடுத்த படியிலேயாம். சி மொழிப் புரோகிராமைத் தொகுக்கையில், இடைக்கோட்டுடன் கூடிய 'ஜி' குறியைச் சேர்த்தல் அவசியம். இன்றேல் அறிக்கையில் வரி எண் இராது. தெருப்பெயர் எழுதி வீட்டு எண்ணை விட்டுவிட்ட அஞ்சலுறையின் கதைதான். ஓட்டும்போது முழுக் கசிவுச் சோதனையையும் கேட்டுப் பெறவேண்டும்.

சோதனையின்போது புரோகிராம் இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடக்கூடும். பழுதென்று எண்ணி நிறுத்தலாகாது. அறிக்கையில் 'நிச்சயமாக இழந்தவை' என்னும் பகுதியை முதலில் காண்க. நினைவகத்தைப் பெற்ற வரியையே கருவி காட்டும். திருப்பித் தர மறந்த இடத்தை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.