எட்டு இலக்கத்தில் சப்ளையரின் ஜாதகம்

கோப்பன்ஹேகனில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் புது சப்ளையர் ஒருவர் பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்டார். நண்பர் டிரஸ்ட்பைலட்டில் நட்சத்திரம் பார்த்தாராம். 2007-ல் டென்மார்க்கில் பிறந்த தளம்தான், ஆனால் சப்ளையரோட கல்லாப்பெட்டி அதில் தெரியாதுங்க.

நான் கேட்டது சிவிஆர் எண். இங்கே பதிவான கம்பெனிகளுக்கு எட்டு இலக்கத்தில் ஒன்று உண்டு. அரசின் விர்க் தளத்தில் தட்டினால் தொடங்கிய தேதி, நிர்வாகிகள் பெயர், லிமிடெட் கம்பெனி என்றால் ஆண்டுக் கணக்கறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். லாபத்தை விடுங்க, 'எகன்கபிடால்' என்ற வரியைப் பாருங்க. சொந்த மூலதனம். அது மைனஸ் என்றால் சொத்தைவிடக் கடன் அதிகம். சரக்கு இறங்கின பிறகுதான் பணம்னு பேசிடுங்க. தனிநபர் நிறுவனம் பொதுவாகக் கணக்கு வெளியிட வேண்டியதில்லை. அவங்ககிட்ட முதல் ஆர்டர் சின்னதாகவே போடலாம்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவங்களுக்கு: ஜிஎஸ்டி தளத்தில் 15 இட எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கா, ரிட்டர்ன் போடுறாங்களா என்று தெரியும். கடன் எவ்வளவு என்று தெரியாது.