கண்ணில் படும் கரித்தூள் கணக்கில் வருமா?

காரைக்காலில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. அண்டையிலுள்ள தமிழகத்தில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை 2023-இல் ஏலப் பட்டியலில் சேர்த்த மத்திய அரசு, அங்கே எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டது. ஆனால் காரைக்காலுக்கு நிலக்கரி கப்பலில் வருகிறது. காரைக்காலின் வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகத்தின் முக்கியச் சரக்கு அதுதான். 2023-இல் அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு இத்துறைமுகத்தை வாங்கியது.

துறைமுகத்துக்குத் தெற்கே நாகூர். தரையிலும் கொடியில் காயும் துணியிலும் கரித்தூள் படிகிறது என்பது அப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லும் புகார். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் எதைப் பார்க்கிறார்கள்?

எதை ஆராய்வார்கள்?

கப்பலிலிருந்து கரி இறங்கும் இடம், குவியல், லாரியிலும் ரயிலிலும் ஏற்றும் இடம் என மூன்று இடங்களில் தூசு கிளம்பும். குவியல்மீது தண்ணீர் தெளிக்கப்படுகிறதா, காற்றுத் தடுப்பு வேலி இருக்கிறதா, கன்வேயர் மூடப்பட்டிருக்கிறதா, லாரிக்குத் தார்ப்பாய் கட்டப்படுகிறதா என்று ஆய்வாளர் பார்க்க வேண்டும். வளாகத்துக்குள் நுழையவும் மாதிரி எடுக்கவும் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது.

புகாரும் அளவீடும் ஏன் பொருந்துவதில்லை?

2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நெறிகளில் 12 மாசுகளுக்கு வரம்பு உண்டு. தூசைப் பொறுத்தவரை 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நுரையீரலுக்குள் போகும் அபாயம் இந்த நுண்துகளில்தான் என்பதால் வரம்பு அதற்கு மட்டும். வீட்டுத் தரையைக் கறுப்பாக்கும் தூள் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. மிதக்கும் மொத்தத் தூசுக்கு முன்பு இருந்த வரம்பும் 2009-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற ஆய்வறிக்கை உண்மையாக இருக்கலாம். துணி கறுத்ததும் உண்மையாக இருக்கலாம்.

படியும் தூசை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. வாய் திறந்த ஜாடியை ஒரு மாதம் வைத்து, விழுந்ததை எடை போடுவதே முறை. அதற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறையும் உண்டு.

யார் பொறுப்பு?

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. யூனியன் பிரதேசங்களுக்கு மாநில வாரியம் கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்படைத்த அதிகாரத்தில் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் செயல்படுகிறது. தூசு கிளம்பும் இடம் அதன் வரம்பில். படியும் நாகூரோ தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பில். இரு பக்கத்துக்கும் பொதுவான மேலமைப்புகள் மத்திய வாரியமும், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வும்தான்.

எப்போது அளக்க வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் குவியல் நனைந்திருக்கும். தை, மாசியில் மழை விட்டிருக்கும். வாடைக் காற்று மட்டும் வடகிழக்கிலிருந்து வீசும், அதாவது துறைமுகத்திலிருந்து நாகூர்ப் பக்கமாக. மழைநாளில் எடுத்த மாதிரியை வைத்து அந்த மாதங்களை மதிப்பிட முடியாது. ஆண்டுச் சராசரிக்கே வாரம் இரு முறை வீதம் 104 அளவீடுகள் வேண்டும் என்கிறது 2009 நெறி.

தீர்வு என்ன?

சரக்கை இடம் மாற்றுவது தீர்வாகாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. சரக்கு எண்ணூருக்குப் போனது, தூசுக் கவலையும் கூடவே போனது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அதைக் கேட்டு வாங்கி, அளவீட்டு இடமும் தேதியும் பார்ப்பது குடிமக்கள் செய்யக்கூடியது. புதுச்சேரிக் குழுமமும் தமிழ்நாடு வாரியமும் தை, மாசியில் கூட்டாக ஆய்வு செய்து, நாகூர்த் தெருக்களில் ஜாடி வைத்துப் படியும் தூசை எடை போடுவது அரசுகள் செய்ய வேண்டியது.