ஜான் டென்வர் வானூர்தி விபத்து, 1997

ஜான் டென்வர் வானூர்தி விபத்து என்பது 1997 அக்டோபர் 12 அன்று ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் குரோவ் நகரை ஒட்டிய மான்டரே விரிகுடாவில் நிகழ்ந்த விபத்தாகும். இதில் புகழ் பெற்ற நாட்டுப்புறப் பாடகர் ஜான் டென்வர் தமது 53ஆம் அகவையில் உயிரிழந்தார். வானூர்தியில் அவர் மட்டுமே இருந்தார். தனிநபர் ஒருவர் கையால் கட்டிய சிறு வானூர்தி இது. அதன் வடிவமைப்பில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றம் இவ்விபத்திற்குத் துணைக் காரணமாக அமைந்தது. இதனால் பொறியியல், மனிதக் காரணிகள் ஆகிய துறைகளில் இவ்விபத்து எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

வானூர்தி

விபத்துக்குள்ளானது லாங்-ஈசி வகை வானூர்தி. பர்ட் ரூட்டான் வடிவமைத்த இவ்வகை 1979இல் முதன்முதலாகப் பறந்தது. நுரைப்பொருளின் மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசிக் கட்டப்படும் இதில், சிறு இறக்கை முன்புறமும் பொறியும் சுழல்விசிறியும் பின்புறமும் அமைந்துள்ளன. இருக்கைகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. வரைபடங்களை விலைக்கு வாங்கி ஆர்வலர்கள் தாமே இதனைக் கட்டிக்கொண்டனர். அமெரிக்க விதிகளின்படி, பெரும்பகுதியைத் தனிநபர்கள் கட்டிய வானூர்தி 'சோதனை' வகையில் பதிவு செய்யப்படும். அதனைக் கட்டுபவர் மூல வரைபடத்திலிருந்து விலகி மாற்றங்கள் செய்யத் தடையில்லை.

எரிபொருள் வால்வின் இடமாற்றம்

லாங்-ஈசியின் இரு பக்கங்களிலும் தனித்தனி எரிபொருள் கலங்கள் உள்ளன. ஒரு கலம் தீரும்போது வானோடி வால்வைத் திருப்பி மற்றதற்கு மாற்ற வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களில் வண்டி இரைத்து நிற்கப் போகும்போது ஓட்டியபடியே கையால் தடவி 'ரிசர்வ்' திருப்புவதைப் போன்றது இது.

மூல வரைபடத்தில் இவ்வால்வின் பிடி வானோடியின் கால்களுக்கு இடையே, எளிதில் எட்டும் இடத்தில் இருந்தது. இவ்வானூர்தியைக் கட்டியவரோ, எரிபொருள் குழாய் வானோடி அறைக்குள் வருவதைத் தவிர்க்க விரும்பி, பிடியை வானோடியின் இடது தோளுக்குப் பின்புறம் அமைத்தார். பிடியின் நிலைகளுக்கும், பின்னிருக்கைப் பகுதியில் இருந்த எரிபொருள் அளவுகாட்டிகளுக்கும் குறியீடு எதுவும் இடப்படவில்லை.

நிகழ்வு

டென்வர் 2,700 மணி நேரத்திற்கும் மேல் பறந்த அனுபவம் உடையவர். எனினும் இவ்வகை வானூர்திக்கு அவர் புதியவர். முதல் நாள்தான் இதில் சுமார் அரை மணி நேரம் பழகியிருந்தார். வால்வின் பிடி எட்டாதது குறித்து மான்டரேயில் பராமரிப்புப் பணியாளருடன் பேசினார். இடுக்கியைப் பொருத்திப் பிடியை நீட்டிப் பார்த்தும் பயனில்லை. அளவுகாட்டியைத் திரும்பிப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி கொடுக்கப்பட்டது. எரிபொருள் நிரப்ப வேண்டுமா எனக் கேட்டபோது, சுமார் ஒரு மணி நேரமே பறக்கப் போவதாகக் கூறி மறுத்தார்.

மாலை 5:12க்குப் புறப்பட்ட அவர், மூன்று முறை தரைதொட்டு எழும் பயிற்சி செய்தபின் கடற்கரைப் பக்கம் சென்றார். ஏறத்தாழ 5:28க்கு வானூர்தி தாழ்ந்த உயரத்திலிருந்து தலைகுப்புறக் கடலில் விழுந்தது. விழுமுன் பொறியின் ஒலி குறைந்ததைச் சிலர் கேட்டனர்.

ஆய்வு முடிவுகள்

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையை 1999இல் வெளியிட்டது. அப்பிடியைத் திருப்ப வானோடி கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து வலக்கையை எடுத்து, உடலை இடப்புறமாக முறுக்கித் திரும்ப வேண்டும். அவ்வாறு முறுக்கும்போது தாங்கலுக்காக வலக்கால் தானாகவே ஊன்றும். அக்கால் இருப்பதோ வலச் சுக்கான் மிதியின் மேல். உயரம் குறைவாக இருந்ததால் நிலைமையைச் சீர்செய்ய அவகாசம் இல்லை.

கவனம் சிதறியதும், தன்னையறியாமல் வலச் சுக்கானை மிதித்ததும், புறப்படுமுன் எரிபொருள் நிரப்பாததும் காரணங்கள் என வாரியம் முடிவு செய்தது. எட்டாத இடத்தில் குறியீடின்றி வைக்கப்பட்ட பிடி, குறியிடப்படாத அளவுகாட்டிகள், போதிய பழகுபயிற்சியின்மை, இவ்வகையில் அனுபவக் குறைவு ஆகியவை துணைக் காரணங்கள் எனக் குறிப்பிட்டது. மது தொடர்பான காரணத்தால் டென்வரின் மருத்துவத் தகுதி முன்னரே மறுக்கப்பட்டிருந்தது. எனினும் உடற்கூற்றுச் சோதனையில் மது காணப்படவில்லை.

முக்கியத்துவம்

வால்வு இடம் மாற்றப்பட்டது கவனக்குறைவால் அன்று. பாதுகாப்பைக் கருதியே ஆகும். ஓர் இடரை நீக்கும் மாற்றம் வேறோர் இடரைப் புகுத்தியதா என்பதை, அதனைப் பயன்படுத்துபவரின் இருக்கையில் அமர்ந்து சோதித்தல் வேண்டும் என்பதே இவ்விபத்து பொறியாளர்களுக்கு உணர்த்தும் பாடமாகும். இது வானூர்திக்கு மட்டுமன்றி, வீட்டின் மின்விசை முதல் தொழிற்சாலைப் பொறி வரை அனைத்துக்கும் பொருந்தும்.