வீரரின் நினைவாக ஒரு மோட்டார் வண்டி



பண்டமாரானில் மாலை வேளையில் தெருவோரம் நின்றால், கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகளின் இரைச்சலுக்கிடையே சில சமயம் வேறொரு சத்தமும் காதில் விழும். பழைய கார் ஒன்றைப் புதுப்பித்து, முன்மூடியின்மேல் இரண்டு பட்டைக் கோடுகள் தீட்டி, கதவில் பெரிய எண் ஒன்றை எழுதி, ஓர் இளைஞர் ஓட்டிச் செல்வார். “தம்பி, இந்தக் கோடும் எண்ணும் எதற்கு?” என்று கேட்டால், “அழகுக்குத்தான் அண்ணே” என்று பதில் வரும். அழகு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிப்பட்ட கோடுகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பும் உயிரும் இருக்கின்றன. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு புதுவகைக் கார் பிறந்தது. நடுத்தர அளவுள்ள உடலில் மிகப் பெரிய இயந்திரத்தைப் பொருத்தினார்கள். தசைவலிமை மிக்கது என்ற பொருளில் அதற்கு ‘மசில் கார்’ என்று பெயர் வந்தது. 1964 ஏப்ரல் 17ஆம் நாள் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட மஸ்டாங் காரையும் பலர் இந்தக் குடும்பத்திலேயே சேர்த்துப் பேசுவதுண்டு. அதில் விரும்பியவர்களுக்கு 4.7 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட இயந்திரம் கிடைத்தது. 1985இல் நம் நாட்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் இயந்திரம் 1.3 லிட்டர்தான். இரண்டையும் ஒப்பிட்டால் அதன் பருமன் விளங்கும்.

ஆனால் வலிமை மட்டும் பந்தயத்தில் வென்றுவிடுமா? வெல்லாது. மஸ்டாங்கைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் பொறுப்பை ஃபோர்டு நிறுவனம் கேரல் ஷெல்பி என்பவரிடம் கொடுத்தது. ஷெல்பி 1959இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றவர். இதய நோயால் பந்தயத்திலிருந்து விலகி, கார் கட்டும் தொழிலில் இறங்கியவர். அவர் உருவாக்கியதே 1965ஆம் ஆண்டின் ஜிடி 350.

என்னென்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். பந்தய விதிப்படி அது இருவர் அமரும் காராக இருக்க வேண்டும். ஆகவே பின்னிருக்கையை எடுத்துவிட்டார்கள். முன்பக்கம் கனமாக இருந்ததால், முதலில் கட்டிய கார்களில் பேட்டரியைப் பின்பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். எடை குறைய, முன்மூடியைக் கண்ணாடி இழையால் செய்தார்கள். வளைவுகளில் கார் சாயாமல் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ள, முன்சக்கரத்தைத் தாங்கும் மேற்கைகளின் இணைப்பிடத்தைக் கீழே இறக்கினார்கள். முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் அகலமான டிரம் பிரேக்கும் வைத்தார்கள். இத்தனைக்கும் நடுவேதான், இயந்திரத்தின் 271 குதிரைச் சக்தியை 306 ஆக உயர்த்தினார்கள். வேகத்தைக் கூட்டியது ஒரு பங்கு வேலை. கூட்டிய வேகத்தை அடக்கி ஆளும்படி செய்ததே பல பங்கு வேலை.

இந்த வேலையில் ஷெல்பிக்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர் கென் மைல்ஸ். 1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதில் வூல்ஸ்லி கார் நிறுவனத்தில் தொழில் பழகியவர். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றியவர். கை அழுக்காகும் பட்டறை வேலையும் தெரியும், பந்தயத் தடத்தில் ஓட்டவும் தெரியும். 1965 பிப்ரவரி 14ஆம் நாள், டெக்சஸ் மாநிலத்தில் கிரீன் வேலி என்னும் இடத்தில், ஜிடி 350இன் பந்தய வடிவத்தை அவர் முதன்முதலாகக் களத்தில் ஓட்டி வென்றார். நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பிய நிலையில் அன்று எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அந்தக் காரின் எண் 98.

அந்தக் காரைப் போலவே ஒரு பழைய மஸ்டாங்கை மாற்றி, வெள்ளை வண்ணம் பூசி, நீலக் கோடு தீட்டி, 98 என்று எழுதி வைத்திருப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். வெள்ளையும் நீலமும் தற்செயலாக வந்தவை அல்ல. அக்காலப் பந்தயங்களில் நாட்டுக்கு ஒரு நிறம் உண்டு: இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், அமெரிக்காவுக்கு வெள்ளையில் நீலக் கோடு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிய வேண்டும். வீரரின் நினைவாக மாற்றிய காரை வைத்திருப்பவர், “இது சாதாரண மஸ்டாங்தான், மைல்ஸின் நினைவாக இப்படிச் செய்தேன்” என்று சொன்னால் அது அஞ்சலி. அதே காருக்கு வேறு சட்ட எண்ணைப் பொறித்து, “இதுதான் அசல்” என்று விற்றால் அது மோசடி. மைல்ஸ் ஓட்டிய அசல் கார் 2020இல் நடந்த ஏலத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலியும் தலைகாட்டும். பழைய கார் வாங்குவோர் வண்ணத்தைப் பார்த்து மயங்காமல், சட்ட எண்ணையும் பதிவுப் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

இனி, கதையின் கடைசிப் பகுதி. 1966இல் டேடோனா, சீப்ரிங் ஆகிய இரண்டு நெடும் பந்தயங்களிலும் வென்ற மைல்ஸ், அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள், கலிபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் புதிய ஃபோர்டு பந்தயக் கார் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்தார். கார் உடைந்து சிதறிவிட்டது. அதன் பிறகு அந்தக் காரைத் திருத்தியமைத்த பொறியாளர்கள், ஓட்டுநரைச் சுற்றி வலுவான எஃகுக் கூடு ஒன்றைப் பொருத்தினார்கள். மறு ஆண்டு லெ மான் பந்தயத்தில் மாரியோ ஆண்ட்ரெட்டி அவ்வகைக் காரில் பெரும் விபத்துக்கு உள்ளாகியும் உயிர் பிழைத்தார். ஒருவரின் சாவு கற்பித்த பாடம் இன்னொருவரைக் காத்தது.

ஆகவே நேயர்களே, எண்ணையும் கோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தேய்ந்த டயரோடும் பழுதான பிரேக்கோடும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பறப்பது மைல்ஸுக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? அவர் வேகத்தைக் காட்டியது பந்தயத் தடத்தில். நமக்கும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் பத்து தீகா பந்தயத் தடம் 1968 முதல் இருந்தது. அது மறைந்துவிட்டாலும், 1999 முதல் சிப்பாங் தடம் இருக்கிறது.

நினைவுகூர நம் நாட்டிலேயே வீரர்களும் உண்டு. 2002இல் உற்பத்தி வகைக் கார்களுக்கான உலக ராலி வாகையர் பட்டத்தை வென்ற கரம்ஜித் சிங், புரோட்டோன் காரில் ஓடியவர். ஒரு பழைய புரோட்டோனை அவர் நினைவில் ஒழுங்குபடுத்துவதும் மஸ்டாங்கை மாற்றுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

அப்படிச் செய்ய விரும்பும் இளைஞர்கள் முதலில் பிரேக்கைக் கவனிக்கட்டும். அடுத்து டயர், ஸ்டீயரிங், இருக்கை வார். இயந்திரத்தையோ நிறத்தையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையில் முறைப்படி பதியட்டும். எல்லாம் சரியான பிறகு, கடைசியாகக் கோடு தீட்டட்டும். வீட்டில் காத்திருக்கும் அம்மாவிடம் ஒவ்வொரு மாலையும் பத்திரமாகத் திரும்பி வரும் காரே அந்த வீரருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலி.