கழிவுநீர்க் கசடு எரிவாயு ஆவது எப்படி?

"கசடு" என்றால் நம் மாணவர்களுக்குத் திருக்குறள்தான் நினைவுக்கு வரும். சுற்றுச்சூழல் பற்றிய கருத்தறிதல் பகுதியில் அதே சொல் வந்தால் விழிப்பார்கள். அப்போது இந்த விளக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது பிரிந்து வரும் சேறுதான் கசடு. அதைக் காற்றுப் புகாத பெரிய கலனில் செரிக்க விடுவார்கள். உள்ளே ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் கசடைச் சிதைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அதிலிருந்து மீத்தேன் எரிவாயுவை உண்டாக்கும். சிக்கலே இங்கேதான். முதல் கூட்டம் வேகம். இரண்டாவது ரொம்ப மெதுவு. ஒரேயடியாகக் கசடைக் கொட்டினால் அமிலம் தேங்கி, மீத்தேன் கூட்டம் முடங்கிவிடும். தோசைமாவு அளவுக்கு மீறிப் புளிப்பது மாதிரி என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அதனால்தான் அமிலகாரக் குறியீடு 7-ஐ ஒட்டியே இருக்கணும். கசடு ஏறக்குறைய 15 முதல் 30 நாள் உள்ளே தங்கணும். வெப்பம் 35 பாகை செல்சியஸ் அளவில் ஏறி இறங்காமல் இருக்கணும். "சிங்கப்பூர் வெயில் போதாதா, சார்?" என்று ஒருவர் கேட்பார். போதாது, இரவில் 25 பாகைக்கு இறங்கிவிடுகிறதே! கிடைக்கும் எரிவாயுவில் ஒரு பகுதியை எரித்தே கலனைச் சூடாக்கலாம்.

துவாஸ் நெக்சஸ் திட்டத்தில் உணவுக் கழிவையும் கசடோடு சேர்த்துச் செரிக்க வைப்பார்கள். தனிக் கசடைவிட அதில் எரிவாயு கூடுதலாகக் கிடைக்கும்.